ஷாமினி சொன்ன தண்ணீர்

சுங்கை மெலோர் தோட்டம், பீடோர்
10 செப்டம்பர் 2023

அன்புத் தங்கை ஷாமினிக்கு,

அண்ணன் தர்மேந்திரன் எழுதுகிறேன். நேற்று தஞ்சோங் ரம்புத்தான் வரைக்கும் வந்து, ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்கக் காத்திருந்தேன். நர்ஸ் பெட்ரீசியா வெளியே வந்து, "உங்க தங்கச்சி இப்ப யாரையும் பாக்க வேணாம்னு சொல்றாங்க அண்ணே. போனும் வேணாமாம். எதுனாலும் எழுதி அனுப்பச் சொல்றாங்க" என்றார். வாங்கி வந்த கொய்யாப் பழங்களை அவரிடமே கொடுத்துவிட்டுத் திரும்பினேன். கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. லோரியில் உட்கார்ந்து, ஸ்டியரிங்மேல் தாளை வைத்து எழுதுகிறேன்.

உன் கோபம் தெரியும். உன்னை ஆஸ்பத்திரியில் சேர்க்கக் கையெழுத்துப் போட்டது நான்தான். ஜூலை மாத மீட்டிங்கில், மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் உன் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்ததும் நான்தான். அதற்கு முன்னால் பல நாளாக நீ தூங்கவில்லை. அன்றைக்கு மைக்கைப் பிடித்தவள் விடவே இல்லை. முதலில் எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு, கம்பெனி கொடுக்கும் நிலத்தில் மலைகள் தண்ணீருக்குள் தலைகீழாக நிற்கின்றன, அங்கே வீடு கட்டினால் மலைமேல்தான் பாய் விரிக்கவேண்டும் என்றாய். சிலர் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பு உன்னுடையதாகவே இல்லை. அதைப் பார்த்துத்தான் எழுந்து வந்தேன்.

இங்கே செய்தி இதுதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, இப்போது செம்பனையும் போகப்போகிறது. லயத்து வரிசை வீடுகளில் மிச்சம் இருக்கிற குடும்பங்கள் எல்லாம் முன்பு ஈயம் தோண்டிய குட்டைப் பக்கம் கட்டும் வீடுகளுக்குப் போகவேண்டும் என்று கம்பெனி சொல்கிறது. நவம்பர் கடைசியில் மறுபடி மீட்டிங். அன்றைக்கே சம்மதம் கேட்பார்கள். உனக்குப் பதில் நான் பேசவேண்டும் என்று இருளாயி அக்கா சொல்லிவிட்டார். அவர் சொன்னால் லயத்தில் மறுபேச்சு இல்லை என்பது உனக்கே தெரியும். செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவனுக்கு மேடையில் என்ன வேலை? நீ ஈப்போவில் எத்தனையோ பேருக்கு மேடைப்பேச்சு சொல்லிக்கொடுத்திருக்கிறாய். உனக்கு மனம் இருந்தால் எனக்கும் எழுது.

அண்ணன்


தஞ்சோங் ரம்புத்தான்
23 செப்டம்பர் 2023

அண்ணன் அவர்களுக்கு,

கொய்யாப் பழங்கள் கிடைத்தன. வார்டில் எல்லோரும் சாப்பிட்டோம்.

போன் வேண்டாம் என்றதற்குக் காரணம் இருக்கிறது. குரல் என்னவெல்லாம் செய்யும் என்று சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவள் நான். ஒரு வாக்கியத்தின் கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும், கேட்கிறவர் மனம் இளகிவிடும். உங்கள் குரலைக் கேட்டால் நான் உடனே மன்னித்துவிடுவேன். மன்னிக்க எனக்கு இன்னும் விருப்பமில்லை. தாளில் குரல் கிடையாது. அதனால்தான் எழுதச் சொன்னேன்.

இங்கே காலையில் பனி புல்மேல் படுத்திருக்கிறது. மரங்கள் அடிப்பாகம் இல்லாமல் மேலே மட்டும் மிதக்கின்றன. மருந்து சாப்பிட்டபின் சொற்களும் அப்படித்தான் மிதக்கின்றன. ஒன்றைப் பிடித்து அடுத்ததோடு சேர்ப்பதற்குள் வெயில் வந்துவிடுகிறது. இது மோசமாக இல்லை. ஜூலையில் என் சொற்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. இப்போது அவை நடக்கின்றன.

பேச்சைப் பற்றிக் கேட்டீர்கள். மனிதர்கள் பேச்சைக் கேட்பதற்கு முன்னால் பேசுகிறவரைப் பார்க்கிறார்கள். இவன் யார், இதில் இவனுக்கு என்ன லாபம், சொல்வதை இவன் கண்ணால் பார்த்திருக்கிறானா என்று மனத்துக்குள்ளே கேட்டுக்கொள்கிறார்கள். வாயைத் திறக்கும்போது பாதி முடிவு ஆகிவிட்டிருக்கும். கம்பெனி சார்பில் வருகிற கென்னத்துக்கு இது நன்றாகத் தெரியும். அவன் ஈப்போவில் என்னிடம் படித்தவன்தான்.

நான் பேசியதில் பெரும்பகுதி எனக்கு ஞாபகமில்லை. அந்தத் தண்ணீர் மட்டும் இருக்கிறது. ஒரு மத்தியானம் காரை நிறுத்தி இறங்கி அதைப் பார்த்ததாக ஞாபகம். கனவாகவும் இருக்கலாம். லோரி அந்தப் பக்கம் போனால் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

ஷாமினி


சுங்கை மெலோர் தோட்டம்
8 அக்டோபர் 2023

அன்புத் தங்கைக்கு,

கடிதம் முழுக்க 'நீங்கள்', 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். நடக்கப் பழகிய நாளிலிருந்து என்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டாய். அம்மா திட்டியும் மாற்றவில்லை. உன் கோபத்தில் அதுதான் என்னை ரொம்ப வருத்தியது.

போய்ப் பார்த்தேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நேராகவே எழுதிவிடுகிறேன். அங்கே தண்ணீர் இல்லை. வெள்ளை மணல் பரப்பியிருக்கிறார்கள். நடுநடுவே புல். குச்சிகளை நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தேன், காலணியில் மணல்தான் ஒட்டியது. மன்னித்துக்கொள். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கென்னத் போன வாரம் லயத்துக்கு வந்தான். டை எல்லாம் கட்டவில்லை. இருளாயி அக்கா வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மரவள்ளிக்கிழங்கைச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டான். அவன் அப்பாவும் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவராம். மழைநாளில் வேலை இல்லாமல் அவர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். அதைச் சொல்லும்போது அவன் குரல் கம்மியது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். புது வீட்டின் படங்களைக் காட்டினான். எல்லாம் பளிச்சென்று இருந்தன. கிளம்பும்போது என்னிடம் வந்து, டீச்சர் எப்படி இருக்கிறார் என்று மெதுவாகக் கேட்டான். எனக்கு அவனைப் பிடித்துப்போய்விட்டது. அதுதான் எனக்கு எரிச்சல்.

அப்பா வேலை செய்தார் என்றெல்லாம் அவன் கதை கட்டுகிறான் என்று மீட்டிங்கில் சொல்லிவிடலாமா?

அண்ணன்


தஞ்சோங் ரம்புத்தான்
22 அக்டோபர் 2023

அண்ணே,

உன் கடிதம் வந்தபின் சில நாட்கள் எதுவும் எழுதத் தோன்றவில்லை. தண்ணீர் இல்லை என்றால், வேறு எதெல்லாம் இல்லை என்று எண்ணிப் பார்க்க ஆரம்பித்தேன். படித்த படிப்பு இருக்கிறதா? மாணவர்கள் இருந்தார்களா? ஒரு வீட்டில் ஒவ்வொரு அறைக்கும் போய் விளக்கைப் போட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது. டாக்டரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் தூக்கிப் போடவேண்டாம், ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டால் போதும் என்றார்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன், கனவென்றே வைத்துக்கொள். மழை விட்டிருந்தது. தண்ணீர் வானத்தின் நிறத்திலேயே இருந்ததால் நிலம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கிழக்கே இருக்கிற மலைத்தொடர் முழுவதும் அதற்குள் கவிழ்ந்து கிடந்தது. ஒரு வெள்ளைக் கொக்கு ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து மலை உச்சியின்மேல் நடந்தது. அது மிதித்த இடத்தில் மலை நடுங்கிப் பிறகு சேர்ந்துகொண்டது. அவ்வளவு அழகாக இருந்ததுதான் இப்போது எனக்குச் சந்தேகம் தருகிறது.

கென்னத்தின் அப்பாவை எனக்குத் தெரியும். வகுப்பு முடிந்த விழாவுக்கு வந்திருந்தார். சீவல் கத்தி பிடித்த கை என்று கை குலுக்கும்போதே தெரிந்தது. கென்னத் சொன்னது உண்மை. அவனைப் பொய்யன் என்று சொன்னால் கூட்டம் உன்னைத்தான் பொய்யன் என்று நினைக்கும். அவன் தான் சொல்வதை நம்புகிறான். அப்படிப்பட்டவனோடு சண்டை போடாதே. அவன் சரியாகச் சொன்னதை நீயே முதலில் சரி என்று ஒப்புக்கொள். பிறகு, அவன் எதைப் பார்க்காமல் சொன்னான் என்று மட்டும் கேள்.

எனக்காக மறுபடி அங்கே போகாதே. போதும்.

ஷாமினி


தெலுக் இந்தான் போகும் வழியில்
5 நவம்பர் 2023

ஷாமினி,

போகாதே என்றாய். போனேன். தண்ணீரைத் தேடிப் போகவில்லை. அங்கே ஒன்றுமில்லை என்று உறுதியாகச் சொல்லி உன்னை அந்தக் கனவிலிருந்து வெளியே கொண்டுவரவேண்டும் என்றுதான் போனேன். இந்த வாரம் முழுவதும் மழை. நேற்று மத்தியானம் விட்டதும் லோரியை அந்தப் பக்கம் திருப்பினேன்.

இருக்கிறது.

மணல் இல்லை, புல் இல்லை. சிவப்புத் துணிகள் மட்டும் தண்ணீருக்குமேல் வரிசையாகத் தெரிந்தன. இறங்கி நடந்தேன், முட்டி வரைக்கும் வந்தது. மலைகள் எல்லாம் உள்ளே கிடந்தன. நீ எழுதிய மாதிரியேதான். நான் நின்ற இடத்திலிருந்து அலை வளையம் வளையமாகப் போய் மலையை ஆட்டியது. அது அடங்கும் வரை அசையாமல் நின்றேன். காற்று இல்லை. கீழேயும் மேகம், மேலேயும் மேகம். எனக்கே நான் எதன்மேல் நிற்கிறேன் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. கொக்கு இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்துக் கொய்யாத் தோட்டத்தில் வேலை செய்கிறவரை விசாரித்தேன். பெரிய மழை பெய்தால் பல நாள் நிற்குமாம், வடிய வழியில்லையாம்.

உனக்கு ஒன்றுமில்லை, நான்தான் தப்பு செய்துவிட்டேன் என்று எழுத நினைத்தேன். எழுதிக் கிழித்துப்போட்டேன். உனக்கு உடம்பு சரியில்லை என்பதும் உண்மை. நீ பார்த்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை.

படம் எடுத்து இருளாயி அக்காவிடம் காட்டினேன். "இப்பல்லாம் போன்லயே என்னா வேணாலும் செஞ்சிர்றாங்க லா தம்பி. கென்னத்தும் படந்தான் காட்டுனான்" என்றார். படம் போதாது. பேசித்தான் ஆகவேண்டும். எப்படி என்று சொல்.

அண்ணன்


தஞ்சோங் ரம்புத்தான்
12 நவம்பர் 2023

அண்ணே,

உன் கடிதத்தை மாமரத்தடியில் வைத்துப் படித்தேன். நர்ஸ் பெட்ரீசியா வந்து ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டார். தண்ணீர் இருக்கிறதாம் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

இனி வேலையைப் பார்ப்போம். எழுந்ததும் பேசாதே. உன்னைப் பார்க்க அவர்களுக்கு நேரம் கொடு. வணக்கத்துக்குப் பிறகு சுற்றி வளைக்காமல், நேரே அந்த நிலத்தில் கொண்டுபோய் அவர்களை நிறுத்து. கால் எவ்வளவு நனைந்தது, எது தெரிந்தது, எது தெரியவில்லை என்று சொல். பார்க்காததைச் சேர்க்காதே. ஒன்றைக் கூட்டிச் சொன்னாலும் கேட்கிறவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடும். கோபம் வந்தால் வரட்டும், குரலை மட்டும் உயர்த்தாதே. இன்னும் கொஞ்சம் பேசமாட்டானா என்று அவர்கள் நினைக்கும்போது உட்கார்ந்துவிடு.

முக்கியமானது இது. என் பெயரைச் சொல்லாதே. நீயாகப் போனாய், நீயாகப் பார்த்தாய், அவ்வளவுதான். என் பெயர் வந்தால் அவர்கள் ஜூலை மீட்டிங்கைத்தான் பார்ப்பார்கள், உன் பேச்சு காதில் விழாது. மனநல ஆஸ்பத்திரி இருப்பதால் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப் பெயரையே ஆட்கள் திட்டுவதற்கு வைத்திருக்கிறார்கள். வருத்தத்தில் சொல்லவில்லை. என்னிடம் படிக்கிற யாருக்கும் இதைத்தான் சொல்வேன்.

அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். குனோங் ராபாட்டில் என் வீட்டில்தான் இருப்பேன். மீட்டிங்குக்கு வரமாட்டேன்.

ஷாமினி


சுங்கை மெலோர் தோட்டம்
27 நவம்பர் 2023

அன்புத் தங்கைக்கு,

உன் பேச்சைக் கேட்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று மண்டபம் நிறைந்துவிட்டது. கென்னத் முதலில் பேசினான், நன்றாகப் பேசினான். ஒழுகுகிற கூரை, இடிகிற சுவர் என்று அவன் சொன்னதெல்லாம் நிஜம். பிறகு நான் எழுந்தேன். நீ சொன்னதுபோல் சும்மா நின்றேன். அதற்குக் கஷ்டப்படவே இல்லை, எனக்குத்தான் எதுவும் வாயில் வரவில்லையே. கென்னத் சொன்ன கூரை உண்மை, சுவர் உண்மை என்று ஆரம்பித்தேன். அப்புறம் தண்ணீரைச் சொன்னேன். மண்டபம் அமைதியாகக் கேட்டது. நன்றாகத்தான் போனது. அப்போது இருளாயி அக்கா உட்கார்ந்தபடியே கேட்டார்.

"அந்தப் பக்கம் ஒனக்கு வேலயே இல்லயே தம்பி. யாரு சொல்லிப் போன?"

யாரும் சொல்லவில்லை என்றால் முடிந்துவிடும். உன் எழுத்து கண்முன்னால் தெரிந்தது. ஆனால் பார்க்காததைச் சேர்க்காதே என்றவளும் நீதானே. நடந்ததை மறைப்பதும் அதே கணக்குத்தான் என்று எனக்குப் பட்டது.

"ஷாமினி சொல்லித்தான் போனேன்" என்றேன்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடானது. கத்தவேண்டும்போல் இருந்தது. மெதுவாகத்தான் சொன்னேன். "நானும் நம்பாதவந்தான். அவ சொன்னது இல்லைனு காட்டத்தான் போனேன். மொதோ தடவ காஞ்சு கெடந்துச்சு. அத அவளுக்கு எழுதியும் அனுப்பிட்டேன். ரெண்டாந்தடவ முட்டி வரைக்கும் தண்ணி. என்ன நம்ப வேணாம். மழ பேஞ்சிருக்கு, இப்பவே போயி பாக்கலாம்."

சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். "வேன எடுங்க" என்றார்.

போனோம் ஷாமினி. வேனிலும் மோட்டோர் சைக்கிளிலும் என் லோரியின் பின்னாலும் ஏறி, மண்டபமே கிளம்பிப் போனது. போய்ச் சேரும்போது தூறல் விட்டிருந்தது. அங்கே போய் இறங்கியதும் பேச்சு நின்றுவிட்டது. எல்லோரும் கரையோரமாக நின்றார்கள். நம் ஆட்களும் மலையோடு சேர்ந்து தண்ணீருக்குள் தலைகீழாக நின்றார்கள். ஏதோ கோயிலுக்கு வந்தவர்கள்போல் சிலர் செருப்பைக் கழற்றினார்கள்.

கென்னத்தும் வந்தான். நல்ல சப்பாத்துக் காலோடு தண்ணீரில் இறங்கி, சிவப்புத் துணி கட்டிய குச்சி வரை போனான். திரும்பி வந்து என்னிடம், "எனக்குக் குடுத்த படத்துல இது இல்ல அண்ணே" என்றான். முகம் வெளுத்திருந்தது. நேற்று யாரும் சம்மதம் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

திட்டுவதாக இருந்தால் திட்டி எழுது.

அண்ணன்


குனோங் ராபாட், ஈப்போ
17 டிசம்பர் 2023

அண்ணே,

திட்டித்தான் ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. என் பெயரைக் கேட்டுச் சிரித்தார்கள் என்ற இடத்தில் தாளை மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன்.

இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றை நான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். நம்ப விரும்பாதவன் நம்பிவிட்டு வந்து சொல்கிறானே, அவன் பேச்சுக்குத் தனி எடை இருக்கிறது. அதை நான் உனக்கு எழுதிக் கொடுத்திருக்கவே முடியாது. நீ என்னை நம்பாமல் இருந்தாயே, அதனால் வந்தது அது. இதற்கு நன்றி சொல்வதா என்று தெரியவில்லை.

கென்னத் வந்திருந்தான். அந்த நிலத்தில் வீடு கட்டக்கூடாது என்று கம்பெனிக்கு எழுதிவிட்டானாம். வேலை போகுமா என்று கேட்டேன். தெரியாது டீச்சர் என்றான்.

இருளாயி அக்கா ஆள் மூலம் சொல்லியனுப்பியிருக்கிறார், ஜனவரி மீட்டிங்கில் நான் பேசவேண்டுமாம். எனக்குப் பயமாக இருக்கிறது. கூட்டத்தைப் பார்த்து இல்லை. ஜூலையில் எல்லாம் எப்படி ஆரம்பித்தது தெரியுமா? சொற்கள் இனிமையாக, தேடாமலே வந்தன. என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. இப்போது ஒரு வாக்கியம் அழகாக வந்தாலே கதவைச் சாத்திக்கொள்கிறேன். நன்றாகப் பேசுவதும் நோயும் ஒரே வாசல் வழியாக வந்தால், நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு மலை. காலையில் அது இல்லை, பத்து மணிக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது.

ஷாமினி


சுங்கை மெலோர் தோட்டம்
30 டிசம்பர் 2023

ஷாமினி,

நீ கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியாது. டாக்டரிடம் கேள். எனக்குத் தெரிந்தது, பாரம் ஏற்றினால் லோரியை மெதுவாக ஓட்டவேண்டும். நீயும் மெதுவாகப் பேசு. அழகாக வராவிட்டால் யாரும் அடிக்கமாட்டார்கள்.

கம்பெனி வேறு இடம் காட்டியிருக்கிறது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பழைய பெரட்டுக் களம் இருந்ததே, அந்த மேட்டு நிலம். வீடு சின்னதுதான். சில குடும்பங்கள் காத்திருக்க முடியாமல் டவுனுக்குப் போய்விட்டன. மற்றவர்கள் நீ வந்து என்ன சொல்கிறாய் என்று பார்க்கிறார்கள். மருந்தை விடாதே.

அண்ணன்


குனோங் ராபாட்
22 ஜனவரி 2024

அண்ணே,

நான் தனியாக நின்று பேசட்டும் என்று நீ வேண்டுமென்றேதான் நேற்று லோரியை எடுத்துக்கொண்டு தெலுக் இந்தான் போனாய். எனக்குத் தெரியும். இருளாயி அக்கா எல்லாவற்றையும் சொல்லியிருப்பார், இருந்தாலும் நான் சொல்கிறேன்.

மண்டபத்துக்குள் நடந்தபோது எல்லோரும் என் கையைத்தான் பார்த்தார்கள். கை கொஞ்சம் நடுங்குகிறது, மருந்தால். மறைக்கவில்லை. "நான் ஆஸ்பத்திரில இருந்தேன். இப்ப மருந்து சாப்புடுறேன். நான் சொல்றத நீங்க சரிபாத்துக்கலாம்" என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் அலங்காரம் எதுவும் வரவில்லை. வராதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மேட்டு நிலம் நல்லது, ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கம்பெனியிடம் ஒன்றைக் கேட்டு வாங்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மழைத் தண்ணீர் ஓட அவர்கள் ஒன்றைக் கட்டித் தரவேண்டுமே, அதற்கான சொல் நின்றுவிட்டது. நல்ல தமிழ்ச் சொல்லாகச் சொல்ல நினைத்தேன். தேடினேன், வரவில்லை. முன்பு என்றால் வேறு பத்துச் சொற்களை அள்ளிப்போட்டு அந்தப் பள்ளத்தை மூடியிருப்பேன். இப்போது முடியவில்லை. "மறந்துபோச்சு" என்றேன்.

அவர்கள் காத்திருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை, பின்வரிசையிலும் சத்தம் இல்லை. மின்விசிறி சுற்றுவது கேட்டது. நான் கண்ணை மூடித் தேடினேன். அந்த அமைதி பெரிதாகிக்கொண்டே போனது. அதற்குள் நான் மிதந்தேன், பயமே இல்லை. எவ்வளவு நேரமானாலும் இவர்கள் இருப்பார்கள் என்று தோன்றியது.

கடைசியில் இருளாயி அக்காதான் முன்வரிசையிலிருந்து மெதுவாகச் சொன்னார்.

"லோங்காங் லா, பொண்ணு."

சின்ன வயதிலிருந்து வடிகாலுக்கு நாம் சொல்லும் அதே மலாய்ச் சொல். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணில் நீர் வரும்வரை. சிரிப்பு அடங்கியதும் கையெழுத்துப் போடுவதற்கு முன் லோங்காங் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அக்கா தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் கொடுத்தார்.

ஷாமினி